முன்சக்கர இயக்கக் காரில் ஓட்டும் இன்பம் உண்டா? உண்டென்றால் எந்த வண்டியில்?

ஏரிக்கரை_வேளச்சேரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு வாரத்தில் நான்கு நாள் ஓ.எம்.ஆர். வழியாகப் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ ஓட்டிச் செல்வதுதான் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. இப்போது கையில் இருப்பது ஏழு ஆண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக். அதன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து மேலே தேநீர்க் கடையில் நிற்கும்போது, வண்டி என்னை ஏற்றிக்கொண்டு வந்தது என்றுதான் தோன்றுகிறதே தவிர, நான் வண்டியை ஓட்டி வந்தேன் என்று தோன்றுவதில்லை.

என் மைத்துனர் பின்சக்கர இயக்கச் செடான் ஒன்று வைத்திருக்கிறார். முன்சக்கர இயக்கம் என்பது இடத்தையும் காசையும் மிச்சப்படுத்துவதற்காக வந்த ஏற்பாடு என்றும், அதில் ஓட்டும் இன்பத்தைத் தேடுவது ரேஷன் அரிசியில் பிரியாணி மணம் தேடுவதைப் போன்றது என்றும் குடும்ப விசேஷங்களில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வருகிறார். ரேஷன் அரிசியில் மிக நல்ல பிரியாணி சாப்பிட்டு வளர்ந்தவன் என்ற முறையில் அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

என் நிலைமை இது. ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல் போக முடியாது, ஆகவே பழைய வண்டிதான் வாங்கப் போகிறேன். கிளட்ச் பெடல் உள்ள மேனுவல் கியர் கட்டாயம் வேண்டும். மனைவியும் பத்து வயது மகளும் உடன் வருவார்கள் என்பதால் பின்கதவுகளும் வேண்டும். மகளுக்கு மலைப்பாதையில் குமட்டல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்பது எனக்கு முக்கியமில்லை. ஓ.எம்.ஆரில் நூறைத் தொட யார் இடம் கொடுக்கிறார்கள்? முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் வண்டிகளில் சில மட்டும் ஓட்டுவதற்கு இனிமையாக இருப்பது எதனால், அப்படிப்பட்டவற்றில் என் போன்றவர்களுக்கு எட்டக்கூடியவை எவை என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறைமலைநகர்_1.6

நண்பருக்கு வணக்கம். 2008-இல் புதிதாக வாங்கிய ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் வண்டியை இன்றுவரை வைத்திருக்கிறேன். அது செய்யப்பட்ட தொழிற்சாலையின் வாயிலிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில்தான் என் வீடு. ஆகவே என் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

1999-இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வெளிவந்தபோது அதை 'ஜோஷ் மெஷின்' (உற்சாக எந்திரம்) என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரச் சொற்களை நம்பாத எங்கள் தெருக்காரர்கள்கூட அந்த வண்டியை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 92 குதிரைத்திறன் தந்தது. 2005-இல் வந்த ஃபியஸ்டாவின் 1.6 எஞ்சின் 101 தந்தது. இன்றைய டர்போ வண்டிகளோடு ஒப்பிட்டால் இவை பெரிய எண்கள் அல்ல. ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் என்பதால், வலது காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குத்தான் வண்டி பதில் சொல்லும். கூடவும் சொல்லாது, தாமதித்தும் சொல்லாது. மலைப்பாதையில் இந்த ஒழுங்கு எவ்வளவு பெரிய வசதி என்பது இரண்டாவது கியரிலேயே பத்து வளைவுகள் ஏறியவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட இன்பத்தின் பெரும்பகுதி ஸ்டீயரிங்கில் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த வண்டிகளில் இருப்பது, எண்ணெய் அழுத்தத்தால் கைக்கு உதவும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். முன் டயர்கள் சாலையில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்ற செய்தி கைக்கு ஓரளவு வந்து சேர்ந்துவிடும். வளைவுக்குள் திருப்பும்போது ஸ்டீயரிங் மெல்ல மெல்ல கனத்துக்கொண்டே வரும். முன் டயர்கள் பிடிப்பின் எல்லையை நெருங்கியதும் அந்தக் கனம் சட்டென்று இளகும். அந்த இளக்கத்தைக் கை உணர்ந்தால் ஆக்சிலரேட்டரைச் சிறிது தளர்த்துவீர்கள், மூக்கு மறுபடியும் உள்ளே திரும்பும். இந்தப் பேச்சுவார்த்தைதான் ஓட்டுவது. நகரத்தில் ஒற்றை விரலால் சுழற்றும்படி இலகுவாக்கப்பட்ட பல மின் ஸ்டீயரிங்குகளில் இந்தக் கனமும் தெரியாது, இளக்கமும் தெரியாது. டயர் கிறீச்சிட்ட பிறகே நமக்குச் சேதி கிடைக்கும்.

ஆனால், என் வண்டியை இவ்வளவு புகழ்ந்த பிறகும், அதை வாங்குங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தும் முடிவை 2021-இலேயே அறிவித்துவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கும் இந்தக் காலத்தில், பழைய ரப்பர்க் குழாய்களை அடிக்கடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். புதுப்பேட்டையில் எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்பது மனப்பாடமாகத் தெரிந்தவனுக்குத்தான் இது சரிப்படும். வாரத்தில் நான்கு நாள் சிறுசேரிக்குப் போக வேண்டியவருக்குச் சரிப்படாது.

அச்சுக்கணக்கு

சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு டயருக்குச் சாலையில் இருக்கும் பிடிப்பு ஒரு குடம் தண்ணீரைப் போன்றது. அதையே குளிக்கவும் வேண்டும், சமைக்கவும் வேண்டும். பங்கிடும் கலை சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்சக்கர இயக்க வண்டியில், இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு ஆகிய மூன்றும் முன் டயர்களின் தலையிலேயே விழுகின்றன. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், திருப்புவதற்கு மிச்சமிருந்த பிடிப்பை இழுவை எடுத்துக்கொள்கிறது. வண்டி நாம் காட்டிய கோட்டை விட்டு வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. இதைத்தான் அண்டர்ஸ்டீர் என்கிறோம். உங்கள் மைத்துனரின் குற்றச்சாட்டு இதுவாக இருந்தால் அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மறுபாதி பின்னச்சில் இருக்கிறது. 1,050 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக்கில், முன்னச்சில் 62 விழுக்காடு எடை இருப்பதாகக் கொள்வோம். அப்படியென்றால் பின்னச்சில் நிற்பது சுமார் 400 கிலோ. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், இரு அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் இடைவெளியும் இருந்தால், 0.3 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு) வேகத்தைக் குறைக்கும்போது ஏறத்தாழ 70 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்கு மாறுகிறது. பின்னச்சு தன் சுமையில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது, முன் டயர்களோ இன்னும் அழுத்தமாகச் சாலையைப் பற்றுகின்றன. வளைவில் நுழையும் கணத்தில் இது நடந்தால் மூக்கு கூர்மையாக உள்ளே திரும்பும், வால் மிக மெல்ல வெளியே வந்து உதவும். நன்றாக அமைக்கப்பட்ட முன்சக்கர இயக்க வண்டியில், ஓட்டுபவர் ஸ்டீயரிங்கால் மட்டும் அன்றி வலது காலாலும் திருப்புகிறார். அமைப்பாளர்கள் பின் சஸ்பென்ஷனை எவ்வளவு விறைப்பாக வைக்கிறார்கள், அந்த வால் வெளியே வர எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஒரு வண்டி சாதுவாகவும் இன்னொன்று குறும்பாகவும் ஆகிறது. 1984-இல் வந்த பெஜோ 205 ஜி.டி.ஐ. இந்தக் குறும்புக்குப் பெயர் போனது. வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தவர்களை அது பின்பக்கமாகச் சாலையை விட்டு இறக்கிவிடும் என்பதும் அந்தப் புகழின் ஒரு பகுதி.

காசை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு என்ற வாதத்துக்கு ராலி பந்தய வரலாற்றில் பதில் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஓட்டுநர் எரிக் கார்ல்சன் 841 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் முன்சக்கர இயக்க சாப் 96 வண்டியில் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மோன்டி கார்லோ ராலியை வென்றார். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமல் ஓட்டும் முறையைப் பெயர்பெறச் செய்தவர்களில் அவரும் ஒருவர். மேலே சொன்ன எடை மாற்றத்தை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் வரவழைக்கும் தந்திரம்தான் அது. அடுத்து அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி. எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கி, மூன்று மீட்டர் சொச்சம் நீளத்தில் நால்வருக்கு இடம் செய்த அந்தச் சிக்கன வண்டியின் கூப்பர் எஸ் வடிவம் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அதே ராலியை வென்றது. 1966-இல் முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கம் செய்தார்கள், அது தனிக் கதை. அந்த ராலியின் பனிச் சாலைகளில் எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே இருந்தது அவர்களுக்கு வரமாயிற்று. பின்சக்கர இயக்கத்துக்குப் பேர்போன லோட்டஸ்கூட 1989-இல் வெளியிட்ட எலான் வண்டிக்கு முன்சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுத்தது.

திறன் கூடும்போது வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. எஞ்சின் குறுக்கே இருப்பதால் கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கும், இடது வலது சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளின் நீளம் வேறுபடும். முழு இழுவை கொடுக்கும்போது இரு பக்கமும் ஒரே மாதிரி இழுக்காமல் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் பிடுங்கும். அதற்கு டார்க் ஸ்டீர் என்று பெயர். இடையில் ஒரு துணைத் தண்டு வைத்து நீளங்களைச் சமப்படுத்துவது ஒரு வழி. சக்கரம் திரும்பும் அச்சைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகக் கொண்டுபோவது இன்னொரு வழி. இவற்றோடு, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்பும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுத்துக்காட்டு. 2023-இல் அது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 44.881 நொடியில் சுற்றி, முன்சக்கர இயக்க வண்டிகளுக்கான சாதனையைப் படைத்தது. நூறு, நூற்றிருபது குதிரைத்திறன் வண்டி வாங்கப் போகும் உங்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக வராது என்பது நல்ல செய்தி.

மகளின் குமட்டலைப் பற்றி ஒரு சொல். குமட்டலைத் தூண்டுவது வேகம் மட்டுமல்ல, திடீர் மாற்றங்களும்தான். நேர்ச்சாலையிலேயே பிரேக் பிடித்து முடித்து, ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்தால், முன் டயர்களுக்கும் நல்லது, குழந்தையின் வயிற்றுக்கும் நல்லது.

பின்சக்கரப்_பித்தன்

அச்சுக்கணக்கு ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் மைத்துனர் கட்சிக்கு ஒரு வாக்காவது விழ வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது. ஏலகிரியின் செங்குத்தான வளைவில் உள்பக்க முன் டயர் சுமை குறைந்து, இரண்டாவது கியரில் முழு இழுவை கொடுத்ததும் வீணாகச் சுழல்கிறதே, அந்த நேரத்தில் பின்சக்கர இயக்கக்காரன் சிரித்துக்கொண்டே ஏறிப்போய்விடுவான். இறக்கத்தில் நீங்கள் சொன்ன இன்பம் எல்லாம் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது லட்சத்துக்குள் உருப்படியான பின்சக்கர இயக்க வண்டி வாங்கினால், அந்தப் பணத்தைப் போல இன்னொரு மடங்கைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க நேரலாம் என்பதையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஆகவே கேள்வி கேட்டவர் முன்சக்கர இயக்க வண்டியே வாங்கட்டும், மைத்துனரின் வண்டியை அவ்வப்போது இரவல் கேட்கட்டும்.

தடத்து_ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், பொதுமக்கள் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்க வாய்ப்புத் தரும் நாள்களில் ஆறேழு முறை ஓட்டியிருக்கிறேன். 1990 முதல் இயங்கும் அந்த 3.7 கிலோமீட்டர்த் தடத்தில், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபோக்ஸ்வேகன் போலோக்களை மட்டுமே வைத்து ஒரு தனிப் பந்தயத் தொடரே நடந்தது. எல்லாம் முன்சக்கர இயக்கம்தான். அவற்றைப் பார்க்கத்தான் நான் முதன்முதலில் அங்கே போனேன். பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, நாய் மரத்தடியில் காலைத் தூக்குவது போல நிற்கும். அதைக் கண்டு நான் பதறியபோது, பக்கத்தில் நின்றவர், வண்டி சரியாக அமைக்கப்பட்டிருப்பதற்கு அதுதான் அடையாளம் என்றார்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் நிற்பது போலோவின் 1.0 டர்போ, ஆறு கியர் மேனுவல். 2020-இல் வந்த அந்த எஞ்சின் 110 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 2022-இல் போலோ இங்கே நிறுத்தப்பட்டுவிட்டதால் இரண்டே ஆண்டு வண்டிகள்தான் சந்தையில் உண்டு, கிடைப்பது அரிது. அதன் உடல் இறுக்கமும், வேகத்தில் சாலையோடு ஒட்டிப்போகும் அமைதியும் இந்த விலையில் வேறெங்கும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அது கொஞ்சம் ஒழுக்கமான பிள்ளை, வாலை எளிதில் ஆட்டாது.

இரண்டாவது, ஹூண்டாய் ஐ20 என் லைன். தடத்துக்கு அருகே, அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் செய்கிறார்கள். 120 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐவிட விறைப்பான சஸ்பென்ஷன். 2021-இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. கியரோடு வந்தது, பெடல் உள்ள ஆறு கியர் மேனுவல் 2023-இல்தான் சேர்ந்தது. நீங்கள் கிளட்ச் பெடல் கட்டாயம் என்று எழுதியிருப்பதால் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விற்பனை விளம்பரங்களில் இரண்டையும் மேனுவல் என்றே எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பலரும் ஏளனமாகப் பார்க்கும் மாருதி சுசூகி ஸ்விஃப்ட். இன்றைய ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோதான். 82 குதிரைத்திறன் போதாது என்று தோன்றினாலும், எடை குறைவாக இருப்பதால் பிரேக், டயர், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் வேலை குறைகிறது. என்னைக் கேட்டால் 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோல்தான் குறும்பில் எல்லாவற்றையும் விஞ்சியது. ஆனால் அதுவும் இப்போது மறைமலைநகர் ஐயாவின் ஃபியஸ்டாவைப் போல முதியோர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதே குடும்பத்தில் 2017 முதல் சில ஆண்டுகள் விற்ற பலேனோ ஆர்.எஸ்., 102 குதிரைத்திறன் டர்போவோடு, யார் கண்ணிலும் படாமல் மலிவாகக் கிடைக்கும்.

ஃபியட் புன்டோவின் அபார்த் வடிவம், 145 குதிரைத்திறன், மனதைக் கொள்ளை கொள்ளும். ஸ்டீயரிங்கும் ஹைட்ராலிக்தான். ஃபியட் பெயரில் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அன்றாடம் ஓட்டுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. 2025-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது என்பதால் அதைப் பற்றி இந்த இழையில் பேசாமல் இருப்பது நம் எல்லோருடைய மனநிலைக்கும் நல்லது. 110 குதிரைத்திறனும் 810 கிலோவுமாக 1976-இல் அதே பெயரில் வந்த முதல் வண்டியின் செய்முறை, இன்றைக்கு அதைவிட ஸ்விஃப்டில்தான் அதிகம் மிச்சமிருக்கிறது என்று நான் சொன்னால் சண்டைக்கு வராதீர்கள்.

ஏரிக்கரை_வேளச்சேரி

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாய் உவமையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அன்று முதல் எங்கள் வண்டிக்கே நாய் என்றுதான் பெயர்.

சென்ற இரண்டு வாரங்களில் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். அண்ணா நகரில் பார்த்த ஐ20 என் லைன், அஞ்சியபடியே, கிளட்ச் பெடல் இல்லாதது. ஓட்டுவதற்கு நன்றாக இருந்தாலும் இடது கால் வேலையில்லாமல் தவித்தது. மேடவாக்கத்தில் பார்த்த ஸ்விஃப்ட், ஓட்டத் தொடங்கிய இரண்டாவது திருப்பத்திலேயே சிரிப்பை வரவழைத்தது. ஆனால் பள்ளிக்கரணையின் மேடு பள்ளங்களில் பின்னிருக்கையில் இருந்த மனைவியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மூன்றாவது, 2021-ஆம் ஆண்டுப் போலோ 1.0 டர்போ மேனுவல், 46,000 கிலோமீட்டர் ஓடியது, ஒருவரே வைத்திருந்தது. தரமணியிலிருந்து பெருங்குடிக்குப் போகும் நான்கைந்து வளைவுகளிலேயே, அச்சுக்கணக்கு ஐயா சொன்னபடி பிரேக்கை முடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு உள்ளே திரும்புவது கைக்குத் தெரிந்தது; இத்தனை ஆண்டுகள் நானே அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி அண்டர்ஸ்டீரை வரவழைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிந்தது. ஒரே ஒரு ஐயம்: ஈரச் சாலையில் ஒரு வளைவில் பின்பக்கம் எதிர்பாராமல் சற்று வழுக்கியது. ஒழுக்கமான பிள்ளை என்று சொன்னீர்களே, அது ஏன் அப்படிச் செய்தது?

மறைமலைநகர்_1.6

வண்டியைச் சந்தேகிக்கும் முன் டயரைச் சந்தேகியுங்கள். முன்சக்கர இயக்க வண்டிகளில் முன் டயர்கள்தான் விரைவில் தேயும். ஆகவே இரண்டு டயர் மட்டும் மாற்றுபவர்கள் புதியவற்றை முன்னே போட்டுவிட்டுத் தேய்ந்தவற்றையோ பழையவற்றையோ பின்னே விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர்களில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தண்ணீர் தேங்கும்போது, முன் டயர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பிடித்துப் போகும், தேய்ந்த பின் டயர்கள் தண்ணீரின்மேல் மிதக்கும். அச்சுக்கணக்கு ஐயா மேலே எழுதிய 70 கிலோ கணக்கை இந்த நிலையோடு சேர்த்துப் பாருங்கள், வால் எங்கே போகும் என்பது விளங்கும். முன் டயர் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின் டயர் வழுக்கினால் சமாளிக்கப் பயிற்சி வேண்டும். ஆகவே இரண்டே டயர் வாங்க முடிந்தாலும் புதியவை பின்னச்சுக்குத்தான் போக வேண்டும்.

தேய்மானத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. பட்டன் (டயரின் மேல்வரிப் பள்ளங்கள்) நன்றாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன டயர்கள் சென்னை வெயிலில் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயர்களிலும் படித்துக்கொள்ளுங்கள். 2021 வண்டியில் அதற்கு ஓராண்டுக்கும் மேல் முந்தைய எண் தெரிந்தால், எங்கிருந்தோ கழற்றிப் பூட்டியதாக இருக்கலாம். பிறகு, முன்பணம் கொடுப்பதற்கு முன் வீல் அலைன்மென்ட் கருவியில் ஏற்றிப் பின்னச்சின் அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். பின்னச்சை இந்த வண்டியில் திருகித் திருத்த முடியாது. அளவு தவறியிருந்தால் அது எங்கேயோ அடிபட்ட வண்டி.

தடத்து_ஞாயிறு

ஐயா சொன்னதோடு காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ சரியான அளவு இருக்கும். பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே நான்கிலும் ஒரே அளவாக, கையில் வந்தபடி அடித்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரை_வேளச்சேரி

இன்று மாலை மீண்டும் போய்ப் பார்த்தேன். முன் டயர்கள் இரண்டும் 1124, போன ஆண்டு வாங்கியவை போலிருக்கிறது. பின்னே இடது 3219, வலது 3519. வண்டியோ 2021. விற்பவரிடம் எண்களைக் காட்டியபோது அவருக்கே வியப்பு, மழையில் தானும் ஒருமுறை வழுக்கியதாகச் சொன்னார். வீல் அலைன்மென்டுக்குச் சனிக்கிழமை காலை கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு டயர் விலையைக் குறைத்துக்கொள்வது பற்றி அதன் பிறகு பேசலாம் என்றார்.